மூன்று மாத மழை, பன்னிரண்டு மாத வாழ்க்கை: வன்னியின் காலநிலை எப்படி உருவானது, ஏன் மாறுகிறது?

2017ஆம் ஆண்டு, இலங்கையில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கும் வன்னியின் பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் பவுசரில் (தண்ணீர் லொறியில்) வந்தது. முந்திய மாரி பொய்த்துவிட்டதால் குளங்கள் வெடித்துக் கிடந்தன. நாற்பது ஆண்டுகளில் இலங்கை கண்ட மிக மோசமான வறட்சி என்று ஐ.நா. அமைப்புகள் அறிக்கை விட்டன. அடுத்த ஆண்டு, 2018 டிசம்பர் 21 இரவு, அதே மண்ணில் வெள்ளம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனங்களைப் படகில் ஏற்றி மீட்க வேண்டியிருந்தது. இரணைமடுக் குளத்தின் மிகைநீரை வெளிவிடும் வான்கதவுகள் திறந்து விடப்பட்டன.

இந்த இரண்டில் எது வன்னியின் காலநிலை? கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். "காட்டை வெட்டினால் இப்படித்தான்" என்பது ஒன்று. "எல்லாம் பூகோளம் சூடாகிறதால்" என்பது மற்றது. இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டையும் தப்பான இடத்தில் பொருத்துகிறோம். அதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

வானிலையும் காலநிலையும்

இன்று பின்னேரம் மாங்குளத்தில் மழை பெய்வது வானிலை. மாங்குளத்தில் கார்த்திகையில் வழக்கமாக எவ்வளவு பெய்யும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பொய்க்கும், பெய்தால் எவ்வளவு கடுமையாகப் பெய்யும் என்பது காலநிலை. இதைக் கணிக்க உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுப் பதிவுகளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு வறட்சியையோ ஒரு வெள்ளத்தையோ வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது, மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. வன்னிக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. போர்க்காலத்தில் பல மழைமானிகளின் பதிவில் நீண்ட இடைவெளி விழுந்துவிட்டது. அதனால் ஒரு தனி ஊரின் போக்கைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால், எத்தனை ஆண்டுப் பதிவை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

இலண்டனைவிட இரண்டு மடங்கு மழை, ஆனாலும் உலர் வலயம்

பள்ளிக்கூடப் புவியியலில் எல்லோரும் படித்தது இது. ஆண்டு மழை 2500 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் ஈர வலயம், 1750க்குக் கீழ் என்றால் உலர் வலயம், நடுவில் இருப்பது இடை வலயம். வன்னி முழுவதும் உலர் வலயத்தில்தான் அடங்குகிறது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் ஆண்டுக்கு 1300, 1400 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. மேற்கே மன்னாருக்குப் போகப் போகக் குறைந்து 1000க்கு அருகில் வந்துவிடும்.

1300 மில்லிமீற்றர் சின்னத் தொகை இல்லை. எப்போதும் நசநசவென்று தூறிக்கொண்டிருக்கும் ஊர் என்று நாம் நினைக்கும் இலண்டனில் ஆண்டுக்குப் பெய்வது 600 மில்லிமீற்றர் சொச்சம்தான். அப்படியானால் வன்னியை ஏன் உலர்ந்த பூமி என்கிறோம்?

முதல் காரணம், மழை வரும் காலம். ஆண்டு மழையில் அறுபது வீதத்துக்கு மேல் ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் சேர்ந்து தராத மழையைக் கார்த்திகையில் ஒரே ஒரு நாள் தந்துவிடும்.

இரண்டாவது, ஆவியாதல். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு இலட்சம் லீற்றர், அதாவது பத்தாயிரம் லீற்றர் பவுசர் பத்து. கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது. அப்படியானால் குளத்தின் ஒவ்வொரு ஏக்கர் பரப்பிலிருந்தும் ஒவ்வொரு நாளும் இரண்டு பவுசர் தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் வானத்துக்குப் போகிறது. மாசியிலிருந்து புரட்டாதி வரை இருநூறு நாள் என்று வைத்தால் ஒரு மீற்றர், மூன்றே கால் அடி. ஆறேழு அடி ஆழமுள்ள ஒரு கிராமக் குளத்தில் அது பாதி. வயலுக்கு நீர்விடும் மதகான துருசு ஒருநாள்கூடத் திறக்காவிட்டாலும் அந்தப் பாதி போய்விடும்.

ஆகவே வன்னிக்கு மழை குறைவு என்பதைவிட, மழை மூன்று மாதத்துக்குள் அடைபட்டு வருகிறது என்பதே சரி. இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை வைத்துக்கொண்டால் போதும். பின்னால் வரும் எல்லாச் சிக்கலும் இங்கேதான் முளைக்கிறது.

இந்தக் காலநிலையை வன்னிக்குத் தந்தவை

1. அகலக்கோடு. வன்னி வடக்கு அகலக்கோடு 9 பாகையை ஒட்டி இருக்கிறது. மத்தியகோட்டுக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால் சூரியன் ஆண்டில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது: சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறை. ஐரோப்பாவைப் போலப் பனிக்காலம், வேனிற்காலம் என்று இங்கே வெப்பத்தை வைத்துப் பருவம் பிரிப்பதில் அர்த்தமில்லை. மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையே சராசரி வெப்பநிலை சில பாகைதான் வேறுபடும். வன்னியின் பருவங்களைப் பிரிப்பது மழையும் காற்றும்தான். சூரியன் உச்சிக்கு வரும்போது தரை சூடாகி, காற்று மேலெழுந்து, பின்னேரத்தில் இடியோடு கொட்டுவது மேற்காவுகை மழை. சித்திரையில் உழவுக்குக் கொஞ்சம் ஈரம் தருவது அதுதான்.

2. கடலும் தரையும் சூடாகும் வேகம். தரை சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும். கடல் இரண்டையும் ஆறுதலாகச் செய்யும். மே மாதமளவில் ஆசியப் பெருநிலம் சூடாகிவிட, அதற்கு மேலே தாழமுக்கம் உண்டாகி, கடலிலிருந்து காற்று தென்மேற்கு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. மார்கழியில் அதே பெருநிலம் குளிர்ந்து உயரமுக்கமாகிவிட, காற்று வடகிழக்கிலிருந்து திரும்பி வருகிறது. பூமி சுழல்வதால்தான் காற்று நேராக வராமல் சாய்ந்து வருகிறது. காற்று திரும்பும் இந்த இரண்டு பருவங்களும்தான் பருவப்பெயர்ச்சி. இரண்டுக்கும் நடுவில், காற்று தளர்ந்து நிற்கும் மார்ச்-ஏப்ரலும் ஒக்டோபர்-நவம்பரும் இடைப்பருவங்கள்.

3. மலை. அல்லது, வன்னியைப் பொறுத்தவரை, மலை இல்லாமை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இலங்கையின் காலநிலையைப் பாதி எழுதியது நடு மலைநாடு. தென்மேல் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து மலைச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும் காற்று குளிரும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது, கொட்டிவிடும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் பெய்வது இதனால். மலையைக் கடந்து மறுபக்கம் இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடாகிறது, ஈரமும் ஏற்கனவே போய்விட்டது. மன்னார்ப் பக்கம் நேரே கடலிலிருந்தே காற்று வருகிறது, ஈரமும் இருக்கிறது, ஆனால் அதைத் தூக்கி நிறுத்த ஒரு குன்றும் இல்லை. தட்டை நிலத்தின் மேலாக ஓடி அப்படியே போய்விடுகிறது.

அந்தக் காற்றுகளுக்கு வடக்கின் தமிழில் தனித்தனிப் பேர் இருக்கிறது: தென்மேற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. (தின்கிற கச்சானுக்கும், அதாவது நிலக்கடலைக்கும், வீசுகிற கச்சானுக்கும் பேர் ஒன்றாக இருப்பதில் வெளியூர்க்காரர் குழம்புவதுண்டு.) சோழகம் வன்னிக்கு மழை தராது, மண்ணை உலர்த்தும். ஆனால் அதன் வேகத்துக்குக் குறைவில்லை. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் தொடங்கிய காற்றாலை நிலையத்தின் 30 காற்றாலைகளும் ஆண்டிலேயே அதிகமாகச் சுழல்வது, கமக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தத் தென்மேல் பருவத்தில்தான்.

4. தரைக்கு அடியில் இருப்பது. இது காலநிலையை உண்டாக்காது, ஆனால் காலநிலை மனிதருக்கு என்னவாக வந்து சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அடியில் சுண்ணக்கல். பெய்த மழையைப் பஞ்சு போல உள்ளே இழுத்து வைத்திருக்கும், கிணற்றில் அள்ளலாம். வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் பழைய கருங்கல். வெடிப்புகளிலும் சிதைந்த மேற்பாறையிலும் மட்டுமே கொஞ்சம் நீர் நிற்கும். அதனால்தான் யாழ்ப்பாணத்துக்குக் கிணறு, வன்னிக்குக் குளம். சரிவின் மேலிருந்து கீழாக ஒன்றன் வானில் வழியும் மிகைநீர் மற்றதன் வாயில் விழும்படி தொடர்ந்து கட்டப்பட்ட குளங்கள், மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரத்திக் கொடுக்க மனிதர் செய்த ஏற்பாடு.

மாரி என்பது மூன்று வகை மழை

"மாரி வந்துவிட்டது" என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே நடப்பது ஒன்றல்ல.

1. ஒக்டோபரில் வருவது பெரும்பாலும் பின்னேர இடிமழை. சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கும் தெற்குமாக நகரும் மேகப்பட்டை ஒன்று இருக்கிறது. அயன இடை ஒருங்கல் வலயம் என்பார்கள். இரு அரைக்கோளத்துக் காற்றும் அங்கே கூடி மேலெழும். அது தெற்கே திரும்பும் வழியில் எங்களைக் கடக்கிறது. இந்த மழை ஒரு ஊரில் கொட்டி, அடுத்த ஊரைத் தொடாமல் போகும்.

2. நவம்பரிலும் டிசம்பரிலும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. சில சூறாவளியாக வளரும். வன்னிக் குளங்களை ஒரே நாளில் நிரப்புவதும், உடைப்பதும் இவைதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி, வடஇலங்கையை ஊடறுத்துத்தான் அங்கே போனது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி, வன்னிக்கு மேலாகப் போய் மன்னார் வளைகுடாவில் இறங்கியது.

3. வடகீழ் பருவக்காற்றே நேராகத் தரும் மழை. விரிகுடாவைக் கடக்கும்போது ஈரம் ஏற்றிவந்து, கரையோர முல்லைத்தீவுக்கு முதலில் கொடுத்து, மேற்கே போகப் போகக் கைச்சரக்கு குறைந்து மன்னாருக்கு மிச்சத்தைக் கொடுக்கும்.

இதில் இரண்டாவது வகை எத்தனை வரும், எங்கே கரையேறும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். நூறு கிலோமீற்றர் வடக்கே விலகினால் மழை தமிழ்நாட்டுக்கு. இரண்டு தாழமுக்கம் விலகிப் போனாலே அந்த மாரி பொய்த்த மாரி ஆகிவிடும். வன்னியில் ஆண்டுக்கு ஆண்டு மழை இவ்வளவு ஏறி இறங்குவதற்கு முதல் விளக்கம் இதுதான். காலநிலை மாற்றம் என்று ஒன்று இல்லாவிட்டாலும் இந்த ஏற்ற இறக்கம் இருந்திருக்கும்.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பார்கள். கர்ணனைப் பற்றித் தெரியாது. மழையைப் பற்றி அந்தப் பழமொழியை நம்பிக் குளத்தைக் கவனிக்காமல் விடக்கூடாது. 2018இன் வெள்ளம் மார்கழி பிறந்த பிறகு வந்தது. புரெவி கார்த்திகையின் பின்பாதியில்.

விரிகுடாச் சுழல்கள் மழை மட்டும் கொண்டுவருவதில்லை. 2022 டிசம்பரில் மண்டூஸ் சூறாவளி இலங்கையில் கரையேறவே இல்லை, கடலில் நின்றபடி வடக்கிலிருந்து குளிர்காற்றை இழுத்தது. அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. வெப்பமானியை மட்டும் பார்த்தால் குளிர்நாட்டு மாடு உணராத குளிர். ஆனால் பட்டியில் கூரை இல்லை, தோல் முழுக்க நனைந்திருக்கிறது, அதன்மேல் இரவு முழுக்கக் காற்று. நனைந்த தோலிலிருந்து நீர் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். முப்பது பாகையில் வாழப் பழகிய, கோடையில் மேய்ச்சல் குறைந்து மெலிந்த மாட்டால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியவில்லை. ஒரு பிரதேசத்தின் உயிர்கள் அதன் சராசரிக்குப் பழகியவை, சராசரியை விட்டு விலகும் ஒரு இரவு போதும்.

ஆண்டுக்கு ஆண்டு: தூரத்துக் கடல்களின் வேலை

விரிகுடாவில் தாழமுக்கம் கூடுவதும் குறைவதும் முழுக்கத் தற்செயலும் இல்லை. இரண்டு கடல்களின் நிலை அதைச் சாய்க்கிறது.

பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. இங்கேதான் தமிழ்நாட்டு, இந்தியத் தொலைக்காட்சிச் செய்தி பார்ப்பவர்கள் குழம்புகிறார்கள். இந்தியாவுக்கு எல் நினோ என்றால் பயம், ஏனென்றால் அவர்களுடைய பெரிய மழையான தென்மேல் பருவமழையை அது குறைக்கக்கூடும். எங்களுக்கு அந்த மழை ஏற்கனவே இல்லை. எங்கள் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையை எல் நினோ பெரும்பாலும் கூட்டுகிறது, லா நினா பெரும்பாலும் குறைக்கிறது. ஜனவரிக்குப் பிறகு கதை மாறி, எல் நினோ ஆண்டில் மழை குறைய வாய்ப்பு உண்டு. ஆகவே "எல் நினோ வருகிறது, வறட்சி வரும்" என்ற செய்தியைப் படித்துவிட்டு மாரி மழையில் செய்யும் காலபோகத்தைக் கைவிடுவது பெரிய தப்பு.

மற்றது இந்து சமுத்திரத்தின் இருமுனை நிலை. ஆபிரிக்கப் பக்கக் கடல் சூடாகி, சுமாத்திராப் பக்கம் குளிர்ந்தால் நேர்நிலை. எங்கள் மாரிக்கு நல்லது. மறுபுறமானால் எதிர்நிலை, மேகம் கிழக்கே சுமாத்திராப் பக்கம் போய்விடும். 2016இல் மிகக் கடுமையான எதிர்நிலை இருந்தது. அந்த ஆண்டு மாரி பொய்த்ததற்கும் 2017இல் பவுசர் ஓடியதற்கும் பெரிய காரணம் அது. 2019இல் கடுமையான நேர்நிலை. ஒக்டோபர் முதலே நல்ல மழை.

இவை ஊசலாட்டங்கள். ஒரு பக்கம் போனால் திரும்பி வரும். அடுத்துப் பார்க்கப்போவது திரும்பி வராத, அல்லது மிக மெதுவாகத் திரும்பும் மாற்றங்கள்.

நீண்ட காலத்தில் காலநிலை ஏன் மாறுகிறது?

காலநிலை எப்போதும் மாறியே வந்திருக்கிறது. மன்னார்க் கடற்கரையில் நின்றாலே அதற்குச் சாட்சி தெரியும். இருபதாயிரம் ஆண்டுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்களின் தண்ணீரில் ஒரு சிறு பங்கு, பெரும்பாலும் வட அரைக்கோளத்து நிலங்களில், பனிக்கட்டியாகக் கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு உள்ளதைவிட 120 மீற்றர் கீழே. பாக்கு நீரிணை ஆழமற்ற கடல், ஆகவே அன்று அது தரை. வன்னியும் இராமநாதபுரமும் ஒரே சமவெளி.

மாற்றத்துக்கான காரணங்கள்:

1. பூமியின் பாதையும் சாய்வும். சூரியனைச் சுற்றும் பாதை, அச்சின் சாய்வு, அச்சின் தள்ளாட்டம் மூன்றும் பல்லாயிரம் ஆண்டு வட்டங்களில் மாறுகின்றன. பனியூழிகள் வந்து போவது இதனால். பருவக்காற்றும் இதனோடு வலுத்தும் மெலிந்தும் வந்திருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் புதைந்த பழைய மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், பனியூழிக் காலத்தில் இன்றைய ஈரமான மலைநாடுகூட வறண்டு கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

2. சூரியனின் வெளிச்சம். பதினொரு ஆண்டுச் சுற்றில் கூடிக் குறைகிறது, ஆனால் மிகச் சிறிய அளவில்.

3. எரிமலைகள். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததில் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ உலகச் சராசரியை ஏறக்குறைய அரைப் பாகை குறைத்தது. தூசு படிந்ததும் ஓரிரு ஆண்டில் பழைய நிலை.

4. வளிமண்டலத்தின் வாயுக்கள். சூரிய ஒளி தரையைச் சூடாக்கும், தரை அந்தச் சூட்டை வெளியே விடும், காபனீரொட்சைட்டு முதலிய பச்சைவீட்டு வாயுக்கள் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கும். இவை இல்லாவிட்டால் பூமி உறைந்திருக்கும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததே முதன்மைக் காரணம்.

"எப்போதும் மாறுகிறதுதானே, இதுவும் இயற்கை" என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி போதும்: இப்போதைய மாற்றத்தில் மேலே சொன்ன எதன் கைரேகை தெரிகிறது? சூரியன் கூடுதலாகச் சுட்டிருந்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ் வரை சூடாகியிருக்க வேண்டும். நடப்பது அப்படியில்லை. கீழ்க்காற்று சூடாக, அதற்கு மேலுள்ள படைமண்டலம் குளிர்கிறது. சூடு கீழேயே பிடித்து வைக்கப்பட்டால்தான் அப்படி நடக்கும். பாதை மாற்றத்துக்குப் பல்லாயிரம் ஆண்டு வேண்டும். நாம் பார்ப்பது ஒன்றரை நூற்றாண்டுக்குள் நடந்தது. எரிமலை குளிர்விக்கும். மிஞ்சுவது வாயுக்கள்.

2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகச் சராசரி வெப்பநிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியைவிட 1.1 பாகை கூடுதலாக இருந்தது. 2024 ஒன்றரைப் பாகையைத் தாண்டிய முதல் ஆண்டு. இந்து சமுத்திரம் வேகமாகச் சூடாகும் வெப்பமண்டலக் கடல்களில் ஒன்று. காற்று ஒரு பாகை சூடானால் 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதாவது பெய்தால் கூடுதலாகப் பெய்யும். அதே சூடான காற்று, பெய்யாத நாட்களில் மண்ணிலிருந்தும் குளத்திலிருந்தும் கூடுதலாக உறிஞ்சும். வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவாக இருக்கலாம் என்பது இதனால்தான்.

சரி, காடு?

முதலில் சொன்ன பதிலுக்கு வருவோம். வன்னிக் காட்டை அழித்தால் மாரி நின்றுவிடுமா? மாரியின் பெரும்பகுதி வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. ஒட்டுசுட்டானில் பாலை மரம் நின்றாலும் விழுந்தாலும் விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும். ஆகவே 2016ஐக் காடழிப்பின் தலையில் போட முடியாது.

அதற்காகக் காடு காலநிலைக்கு வேண்டாத ஒன்று என்றாகாது. மரம் நிற்கும் இடத்தில் சூரியனின் சூட்டில் ஒரு பங்கு இலையிலிருந்து நீராவி எழுவதில் செலவாகும். மரம் போனால் அதே சூடு வெறும் மண்ணுக்கு. பங்குனி மத்தியானம் காட்டு வழியிலிருந்து வெளித்த காணிக்குள் கால் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னேர இடிமழையில் ஒரு பங்கு உள்ளூர் ஈரத்தில் உருவாவது, அதுவும் பாதிக்கப்படலாம். மற்றது குளம். நீரேந்து பரப்பில் காடு போனால் மழைநீர் மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு ஓடிவரும். குளத்தில் மண் படியும், ஆழம் குறையும். அதே மழை பெய்தாலும் குளம் முந்தி நிரம்பி, முந்தி வான் பாய்ந்து, முந்தி வற்றும். மழை குறைந்துவிட்டது என்று பல ஊர்களில் சொல்லும்போது, உண்மையில் குறைந்தது குளத்தின் கொள்ளளவாக இருக்கலாம்.

வயலில் இது எப்படித் தெரிகிறது

புழுதி விதைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மானாவாரிக் கமக்காரர் புரட்டாதியில் காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது, மழைக்கு முன்பே நெல்லைத் தூவி வைப்பார். முதல் மழைக்கு முளைக்கும், பத்து நாளுக்குள் அடுத்த மழை வந்தால் பிடித்துக்கொள்ளும். ஒரு நல்ல மழை பெய்து, முளை பச்சையாகக் கிளம்பி, அதன்பின் மூன்று கிழமை வெயில் எறித்தால் முழு விதைநெல்லும் போயிற்று. மறுபடி விதைக்க வேண்டும், அதற்குக் கடன் வாங்க வேண்டும். அந்த ஆண்டின் மொத்த மழை கடைசியில் வழக்கமான அளவுக்கே வந்துவிடலாம். புள்ளிவிபரத்தில் அது சாதாரண ஆண்டு, அந்த வயலுக்கு அது நட்ட ஆண்டு. மாரி பிந்தி வந்து அறுவடைக் காலமான மாசியில் கொட்டினாலும் இதே கதைதான். விளைந்த கதிர் சாய்ந்து தண்ணீருக்குள் முளைக்கும்.

வெப்பம் சத்தமில்லாமல் வேறு வேலை செய்கிறது. நெல் பூக்கும் நேரத்தில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிரில் சப்பி (மணி பிடிக்காத பதர்) கூடும். இரவு வெக்கையானால் பகலில் பயிர் சேர்த்த சத்து இரவு மூச்சுவிடுவதிலேயே செலவாகும். கோடையில் குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோக நெல்லுக்கு இந்த ஆபத்து அதிகம், அது வளர்வது சோழகக் காற்றும் வெயிலும் சேர்ந்த மாதங்களில். கரையோரத்தில் கடல் மட்டம் உயர்வதும் உண்டு. 1900க்குப் பிறகு உலகச் சராசரியில் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். நந்திக்கடல், நாயாறு போன்ற களப்புகளின் ஓரத்து வயல்களுக்கும் கிணறுகளுக்கும் அதன் பொருள் உவர்.

இனி, பெரிய குளங்கள். இரணைமடு 1920களில் முழுமையாகி, பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டு, இப்போது 36 அடி வரை நீர் தேக்குகிறது. வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கே ஓடும் கனகராயன் ஆறு அதை நிரப்புகிறது. டிசம்பர் நடுவில் குளம் 34, 35 அடியில் நிற்கிறது என்று வையுங்கள். பொறியியலாளருக்கு இரண்டு வழி. கதவைக் கொஞ்சம் திறந்து இடம் வைத்தால், அடுத்த தாழமுக்கம் வந்து ஓரிரவில் இறக்கும் தண்ணீரைக் குளம் வாங்கிக்கொள்ளும், கீழே கிளிநொச்சி தப்பும். அந்தத் தாழமுக்கம் விலகிப் போய்விட்டால், திறந்துவிட்ட ஒவ்வொரு அடியும் சிறுபோகத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கர். மூடி வைத்தால் சிறுபோகம் உறுதி, ஆனால் வெள்ளம் வந்தால் கதவுகளை ஒரேயடியாகத் திறக்க வேண்டிவரும்.

பழைய மழைப் பதிவுகளை வைத்து இந்த முடிவை எடுத்த காலத்தில், மார்கழி நடுவில் குளத்தை நிரப்பி வைப்பது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கடல் சூடாகி, பெய்தால் முன்பைவிடக் கடுமையாகப் பெய்யும் காலத்தில் அந்தப் பதிவுகள் அதே அளவுக்குக் கைகொடுக்காது. மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதற்கு நீர் கொடுக்கும் அருவி ஆறு அநுராதபுரப் பக்கமிருந்து வருகிறது, ஆகவே தன் ஊரில் வெயில் எறிக்கும்போதே மேலே பெய்த மழைக்கு மன்னார் தயாராக வேண்டும். பங்குனியில் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் கேட்கும் முதல் கேள்வி "குளத்தில் இப்ப எத்தனை அடி?" என்பதுதான். அதற்குரிய பதில் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு முன், மார்கழி மழைக்குள் நின்று கதவைத் திறப்பதா மூடுவதா என்று யோசித்த அந்த ஒரு இரவில் முடிவாகிவிட்டிருக்கும்.